எம்.எல். ஃபுல் ஃபார்ம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எண் போட்டு எழுதினால் எந்த அசிங்கமும் கொஞ்சம் கௌரவமாகத் தெரியும். இது அலுவலகத்தில் கற்றுக்கொண்டது.

1. அம்பர்நாத் அத்தை என்னிடம் ஓர் உதவி கேட்டாள்.
2. "பத்து நிமிஷம், அத்த" என்றேன்.
3. என் பழைய கம்ப்யூட்டர் என்னை யாரென்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை.
4. பதினாலு வயதில் எனக்கு நானே எழுதி வைத்த ஒரு குறிப்பு, வீட்டு டிவியில் தேங்காய் தேங்காயான எழுத்தில் வந்தது. குடும்பம் மொத்தமும் வாய்விட்டுப் படித்தது.
5. வெகுகாலமாக ஒரு வைரஸ் சுமந்துகொண்டிருந்த பழி நீங்கியது.
6. தாராவியில் பை தைக்கும் என் அப்பா, நான் எட்டாவது ஒன்பதாவது படித்த காலத்தில் இந்திய ராணுவத்தில் மேஜராக இருந்தார் என்பது தெரியவந்தது. அப்பாவுக்கும் அன்றுதான் தெரியும்.

இதில் மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. காரணம் என் உத்தியோகம். ஐரோலியில் ஒரு பெரிய கம்பெனியில், கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் போன் செய்பவர்களுக்கு வழி திறந்துவிடும் பிரிவில் இருக்கிறேன். அவர்களிடம் பொறுமையாகப் பேசுவோம். போனை வைத்ததும் அவ்வளவு பொறுமையாகப் பேசமாட்டோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவளும் நான்தான். "மறதி என்று ஒன்று கிடையாது, அலட்சியம்தான் உண்டு" என்று அந்த வகுப்பில் ஒரு வரி வரும். அது என் சொந்தச் சரக்கு. கைதட்டல்கூட வாங்கியிருக்கிறது. இப்போது எடுத்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது செம்பூரில். (ஹால் ஜன்னலைத் திறந்தால் மவுசு குறைந்த கோவண்டியின் ஸ்டேஷன் தெரியும். அதனாலேயே அண்ணன் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை. விசிட்டிங் கார்டில் செம்பூர் கிழக்கு என்று போட்டிருக்கிறான்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்பர்நாத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. மாமா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வந்தவள் டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி செல்வி, உன் சடங்கு வீடியோவ வைரஸு தின்னுட்டுன்னு சொன்னியே."

"ஆமா, அத்த."

"முழுசாவா தின்னுச்சி? கொஞ்சம் கிஞ்சம் மிச்சம் கெடக்குமா?"

எதற்கு என்று அம்மா கேட்டாள். அத்தையின் போனை கல்யாண் ஸ்டேஷனில் எவனோ அடித்துவிட்டான். மாமா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருந்தது. மாமாவின் குரல் இருக்கிற வேறு ஒரே இடம், நான் வயதுக்கு வந்த சடங்கன்று அவர் மைக்கைப் பிடித்துச் சீர் வரிசை வாசித்த அந்த வீடியோ. எங்களிடம் இருந்த டிவிடி ஒரு மழைக்காலத்தில் கட்டிலுக்கடியில் மிதந்தது. அத்தையிடம் இருந்ததை மாமாவே ஃபேக்டரியில் யாருக்கோ பார்க்கக் கொடுத்தார், திரும்பவில்லை. வீடியோ எடுத்த கடை இப்போது மொபைல் கவர் விற்கிறது.

"மொகம் போட்டோவுல இருக்கு மதினி" என்றாள் அத்தை, அம்மாவிடம். "சத்தந்தான் மறந்துட்டு வருது. நேத்து அடுப்படியில நின்னு நெனச்சிப் பாக்கேன், வரமாட்டேங்கு. நீ சொல்லு செல்வி, கம்ப்யூட்டர் படிச்சவ, வைரஸு வயித்துலேர்ந்து எடுக்க முடியுமா?"

வைரஸ் எதையும் தின்னவில்லை. அது இந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர், அடுத்து டீ, அடுத்து என் சடங்கு வீடியோ. டிவிடி தேய்ந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னாள் அம்மா. நானும் ஏற்றினேன். ஏற்றியதும் என் கணக்குக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் கழித்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, வைரஸ் தின்றுவிட்டது என்றேன். (அந்த வீடியோவில் நான் தெர்மோகோல் தாமரைக்குள் உட்கார்ந்து மோட்டாரில் சுற்றிக்கொண்டிருப்பேன். சுற்றாத எவரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.)

ஆகவே அத்தை கேட்டதும் எனக்குள் ஒரு திட்டம் உருவானது. பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்குவது, கடவுச்சொல்லைப் போடுவது, கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையாவது தட்டுவது, வைரஸ் வயிற்றிலிருந்து மாமாவை மீட்டெடுத்த வீராங்கனையாக எழுந்து நிற்பது. பழைய குற்றமும் மறையும், புதிய புகழும் சேரும்.

"பத்து நிமிஷம், அத்த" என்றேன்.

பாத்ரூமுக்கு மேல் லாஃப்ட்டில் இருந்து அண்ணன் பெட்டியை இறக்கினான். மானிட்டர் பழைய பேப்பர்காரனோடு போய்விட்டிருந்தது. அதனால் ஹாலில் இருந்த பெரிய டிவியோடு இணைத்தேன். என் வாழ்க்கையின் மிக மோசமான தொழில்நுட்ப முடிவு அது.

பெட்டி இரண்டு முறை இருமிவிட்டு உயிர்பெற்றது. டிவியில் ஒரு மஞ்சள் பூ வந்தது. பூவுக்குக் கீழே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில், "தொடாதே" என்று ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில்.

"தொட்டவன் எவன்?" என்றான் அண்ணன்.

என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். இல்லை. பிறந்த தேதி. இல்லை. அந்த வயதில் எனக்குப் பிடித்திருந்த ஒரு நடிகரின் பெயரை, சோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டேன். அதுவும் இல்லை. அப்போதுதான் பூவுக்கு அடியில் அந்தக் குறிப்பு வந்தது. கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டால், முன்பு நாமே எழுதிக் கொடுத்த ஒரு குறிப்பை எடுத்து நீட்டும் பழக்கம் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு உண்டு.

"எம்.எல். ஃபுல் ஃபார்ம்?" என்று அண்ணன் சத்தமாக வாசித்தான்.

"மாட்டுங்கா லேபர்" என்றார்கள் அப்பாவும் அம்மாவும் அத்தையும், ஒரே குரலில்.

செம்பூருக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்தோம். எழுதும்போது எம்.எல். கேம்ப். தாராவிக்குள் இருந்துகொண்டு பெயரில் மட்டும் மாட்டுங்காவை வைத்திருக்கும் அபூர்வமான இடம். நான் படித்தது நிஜ மாட்டுங்காவில், ஆங்கிலப் பள்ளியில். உடன் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள் வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் இருந்தார்கள். வீடு எங்கே என்று யாராவது கேட்டால் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொள்வேன். பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், முகவரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான்.

மாட்டுங்கா லேபர் என்று தட்டினேன். தவறு என்றது டிவி.

அதன் பிறகு நடந்ததுக்குப் பேர் கலந்தாய்வு இல்லை, ஏலம்.

"கேம்ப்பையும் சேத்துப் போடு" என்றாள் அம்மா.

"லேபர்ல யு வருமா வராதா?" என்றான் அண்ணன்.

"அந்த வயசுல இவளுக்கு யு தெரிஞ்சிருக்குமா?" என்றார் அப்பா. "யு இல்லாம அடிம்மா. அப்புறம் பின்கோடும் போட்டுப் பாரு. பின்கோடு இல்லாம எதுவும் வந்து சேராது."

"அப்பா, இது தபால் இல்ல."

"தபாலே வந்து சேரும்போது இது சேராதா?"

இடைவெளி விட்டு, விடாமல், பெரிய எழுத்தில், சிறிய எழுத்தில், பின்கோடுடன், பின்கோடு இல்லாமல். ஒவ்வொரு முறையும் டிவி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டது, காது கேளாத டிக்கெட் கிளார்க் மாதிரி.  அத்தை டிவிக்கு நேர் எதிரே, படம் இதோ ஆரம்பிக்கப்போகிறது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நிமிஷம் ஆயிட்டாட்டீ?"

"இன்னும் ரெண்டு நிமிஷம், அத்த."

"சரி சரி, மெதுவாப் பாரு. நான் வேணா கொஞ்சம் பூண்டு உரிக்கட்டா?"

அப்போது என் தொழில் கர்வம் எழுந்து நின்றது. கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்வது சாதாரண மக்களின் வழி. எங்களுக்கு வேறு வழி இருக்கிறது. அலுவலகப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தேன். அதைச் செருகிப் பெட்டியை எழுப்பினால், பெட்டியின் சொந்தப் பூட்டைக் கேட்காமல் பக்கவாட்டில் நுழைந்துவிடலாம். அங்கிருந்து பழைய கடவுச்சொல்லைத் துடைத்துவிட்டால் முன்வாசலும் திறந்துவிடும். இதை எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கிக்கொண்டே செய்தேன்.

பக்கவாட்டில் நுழைந்ததும் டிவியில் என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்றின் பெயர் முக்கோணவியல். அதைத் திறந்தேன். உள்ளே கோப்புகளின் பெயர்கள். அண்ணனுக்குத்தான் எதையும் மனதுக்குள் வாசிக்கிற பழக்கம் கிடையாதே.

"சடங்கு பார்ட் ஒன்று. சடங்கு பார்ட் ரெண்டு. சடங்கு சீர் வரிசை, மாமா மைக்."



"இதுதான வைரஸு தின்னது?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"பேரு போட்டு, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு, ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கே."



"படிச்ச வைரஸு போல" என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அது இறங்கிய சத்தத்தில் மிச்சம் இருந்த வசவு முழுவதும் இருந்தது.

அத்தைதான் எனக்குக் கைகொடுத்தாள். "தின்னுச்சோ, ஒளிச்சி வச்சாளோ, இருக்குல்லா. அது போதும். போடுட்டீ."

போட்டேன். ஓடவில்லை. அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்தது. கோப்பின் பெயரைக் கூர்ந்து பார்த்தேன். மற்றவை கறுப்பு எழுத்தில் இருக்க, அந்த மூன்று மட்டும் பச்சை எழுத்தில் இருந்தன. பழைய கடவுச்சொல்லைத் துடைக்கும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

பச்சை எழுத்து என்றால் விஷயம் வேறு. ஒரு கோப்பை அதன் சொந்தக்காரரின் கடவுச்சொல்லோடு சேர்த்துப் பின்னி வைத்துவிடும் ஒரு வசதி அதில் உண்டு. அந்தக் கடவுச்சொல்லைச் சொல்லி முன்வாசலால் வந்தால் படம் ஓடும். கடவுச்சொல்லைத் துடைத்துவிட்டு வந்தால் வாசல் திறக்கும், ஆனால் படம் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பையாக நிற்கும். பிறகு யாராலும் மீட்க முடியாது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் மாமாவின் குரலை நானே நிரந்தரமாக அழித்திருப்பேன், அதுவும் அத்தைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே.

பதினாலு வயதில், பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் பாதி கேட்டதை வைத்துக்கொண்டு நான் செய்த வேலை இது. சம்பளம் வாங்கிக்கொண்டு இன்று நான் செய்யும் எந்த வேலையும் இவ்வளவு சுத்தமாக இல்லை.

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "ஒடச்சித் தொறந்தா மாமா சத்தம் போயிரும், அத்த. எனக்கே அந்த வார்த்தை ஞாபகம் வரணும். வேற வழி இல்ல."

அத்தை கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தாள். "அப்ப ஒடைக்காத" என்றாள். "நெனச்சிப் பாரு. நான் இங்கனதான் இருக்கேன். எனக்கு அங்க போயி என்ன வேலை."

அதற்குப் பிறகு என் நெற்றிச் சுருக்கத்தில் நடிப்பு எதுவும் இல்லை.

பூட்டின் நகலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பெட்டியை மறுபடி முன்வாசலில் நிறுத்திவிட்டு, நான் தரும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக அந்த நகலில் வேகமாகப் போட்டுப் பார்க்கும் ஒரு புரோகிராமை என் லேப்டாப்பில் ஓட்டினேன். அதற்குத் தீனியாக வார்த்தைகள் எழுத வேண்டும். இடங்கள், ஆட்கள், தின்பண்டங்கள், நடிகர்கள் என்று தலைப்புப் போட்டு எழுதினேன். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, நடிகர்கள் தலைப்பின் கீழ் வந்தவர்களை ஒருவர் விடாமல் விமர்சித்தான். (அவர்களில் ஒருவரை எனக்கும் இப்போது சகிக்கவில்லை.) எம்.எல். என்ற இரண்டு எழுத்தில் தொடங்கக்கூடிய ஜோடிகளையும் எழுதினேன். மதர் லவ். மேங்கோ லஸ்ஸி. மாட்டுங்கா லோக்கல். புரோகிராம் எல்லாவற்றையும் மென்று துப்பியது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா எனக்கு மட்டும் குழம்பைக் கொஞ்சம் தள்ளி ஊற்றினாள். அப்பா இரண்டு கவளம் உள்ளே தள்ளிய பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இதுக்கும் அந்த மேஜருக்கும் சம்மந்தம் எதுவும் இருக்குமோ?"

"எந்த மேஜருப்பா?"

"நீ மாட்டுங்காவுல படிச்சிட்டு இருக்கும்போது எனக்கு ஒரு போன் வந்துச்சி. பட்டறையில இருக்கேன், நாலு மிஷினு ஓடுது, ஒரு எழவும் கேக்கல. ஒரு பொம்பள. நல்லா படிச்ச ஹிந்தி. 'மேஜர் சாப் ஹை க்யா'ன்னு கேட்டாவ. மேஜர் சாப் இல்ல, மாஸ்டர் இருக்கேன்னு சொன்னேன். நம்ம பட்டறையில எல்லாரும் என்னைய மாஸ்டர்னுதான கூப்பிடுதான்."

"அப்புறம்?"

"'ஆர்டர்லியா'ன்னு கேட்டாவ. ஆமாஜி, ஆர்டர் லேத்தா ஹூ, கித்னா பீஸ்னேன்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். மேஜர்கள் வீட்டில் எடுபிடி வேலைக்கு இருக்கும் சிப்பாயை அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். ஆர்டர் வாங்குபவரா என்று அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது.

"ஒரு பீஸ்தான்னாவ. பெருசா வேணும், டபுள் டோருன்னாவ. டபுள் ஜிப்பத்தான் அப்படிச் சொல்லுதாவன்னு, கெடைக்கும், என்ன கலருன்னேன். சில்வர்னாவ. கேன்டீன் ரேட்டா கேட்டாவ. நாம எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான், கேன்டீன் ரேட்டு தனியா கெடையாதுன்னேன். அதுக்கு அந்தம்மா, 'நீ சாப்கிட்ட சொல்லு, சாப்புக்குத் தெரியும்'னு வச்சிட்டாவ."

மிலிட்டரி கேன்டீனில் விலை குறைவு. மாட்டுங்காவில் இருக்கும் ஒரு படித்த குடும்பம், மகளின் தோழி வீட்டு மேஜர் மூலமாக ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கப் பார்த்திருக்கிறது. மகள் எந்த வீட்டுக்குப் போனாலும் யார் என்ன வேலை, எந்த ஏரியா என்று குடைந்து கேட்கிற அந்த அம்மாளுக்கு, மேஜர் என்ற வார்த்தை மட்டும் குடையாமலே இனித்திருக்கிறது.

"நான் சில்வர் கலர்ல பெருசா ஒரு பை தச்சும் வச்சேன்" என்றார் அப்பா. "டபுள் ஜிப். ஆளு வரல. ரெண்டு வருசமா ஊருக்குப் போவும்போது அதைத்தான தூக்கிட்டுப் போனோம்."

"மேஜர்னு எப்படிப்பா சொன்னாவ?" என்றேன். 

"அதான் எனக்கும் வெளங்கல. மொதல்ல 'மிலிட்டரி லைன்ஸ் ஹை நா'ன்னு கேட்டாவ. போன் லைனத்தான் கேக்காவன்னு, லைன் கிளியரா இருக்கு, பேசுங்கன்னேன்."

மிலிட்டரி லைன்ஸ்.

அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் எட்டாம் வகுப்பு முழுதாக எழுந்து வந்து முன்னால் நின்றது. என் ஐடி கார்டின் பின்புறம் முகவரி, எம்.எல். கேம்ப். போன் செய்த அம்மாளின் மகளான என் பெஞ்சுக்காரி அதைத் திருப்பிப் பார்த்து, "எம்.எல். மத்லப்?" என்று அர்த்தம் கேட்டாள். கேம்ப் என்ற வார்த்தை அவள் விரலுக்கடியில் தெரிந்தது. "மிலிட்டரி லைன்ஸ்" என்று என் வாய் சொன்னது. நான் யோசிக்கவே இல்லை. வாய்க்கே தனியாக அவ்வளவு திறமை இருந்திருக்கிறது. "அப்போ உன் அப்பா?" என்றாள் அவள். மேஜருக்குக் கீழே என்ன பதவி இருக்கும் என்று எனக்குத் தெரியாததால் மேஜர் என்றேன். அதற்குப் பிறகு ராணுவம் எனக்குச் சரமாரியாக மரியாதை செய்தது. ஜனவரி கொடியேற்றத்துக்கு அணிவகுப்பின் முதல் ஆளாக டீச்சர் என்னை நிறுத்தினார். இடது எது வலது எது என்று தெரியாமல் நான் வரிசையைக் கேன்டீன் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். மேஜர் மகள் பதற்றத்தில் இருக்கிறாள், அப்பா எல்லைக்குப் போயிருப்பார் என்று டீச்சரே காரணமும் கண்டுபிடித்துக்கொடுத்தார்.

எம்.எல். ஃபுல் ஃபார்ம் என்று நான் கேட்டது குடும்பத்தாரை இல்லை. அந்த மேஜரின் மகளை.

எச்சில் கையோடு எழுந்து டிவி முன் உட்கார்ந்தேன். இடது கையால் மிலிட்டரி லைன்ஸ் என்று தட்டினேன்.

தவறு என்றது டிவி.

இந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட அழுதேன். பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. சரியான வார்த்தையைச் சரியாக எழுதியது இன்றைய நான். பூட்டியது அன்றைய நான். அந்த ஒரு வார்த்தையை எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் புரோகிராமுக்குக் கொடுத்தேன். அது விழுங்கிய வேகத்தில் பதில் சொன்னது. மிலிட்டரியில் எல் என்ற எழுத்தை இரண்டு தடவை போட்டிருந்தேன். மேஜர் கதை முழுவதையும் அப்போது எல்லோரிடமும் சொன்னேன்.

"ஸ்பெல்லிங் தெரியாத மேஜர் ஃபேமிலி" என்றான் அண்ணன். "இந்த லட்சணத்துல பாகிஸ்தான் எப்படிப் பயப்படும்?"

"என் பதவி என்னன்னு இப்பவாவது சொன்னாளே" என்றார் அப்பா. அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அது அந்த டபுள் ஜிப் ஆர்டர் நிஜமில்லை என்று தெரிந்த வருத்தம்.

கோப்பு திறந்தது. தாமரை சுற்றியது. நான் அதற்குள், உலகத்தையே கோர்ட்டுக்கு இழுக்கப்போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சுற்றினேன். பந்தல் இரைச்சல். மைக் ஒரு முறை கீச்சென்று கத்தியது. பிறகு மாமா.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்ட்டிங். அடுத்ததாக... பாண்டுப் மாரியப்பன் குடும்பத்தார், டேபிள் ஃபேன் ஒண்ணு. மூணு ஸ்பீடு. ஓடுதான்னு யாரும் இப்ப கேக்கப்புடாது. அடுத்ததாக... டோம்பிவிலி சண்முகம், எவர்சில்வர் குடம் ஒண்ணு. பெரிய குடம். ஆளு சின்னது, குடம் பெருசு. ஏட்டி செல்வி, சிரிட்டீ, உனக்குத்தான எல்லாம். சிரிக்க மாட்டேங்கா பாருங்க. அடுத்ததாக... அம்பர்நாத், என் வீட்டுலேர்ந்து, பட்டுச் சேலை ஒண்ணு. வெலயச் சொல்லப்புடாதுன்னு எனக்கு உத்தரவு."

"சொல்லாதிய" என்றாள் அத்தை, டிவியைப் பார்த்து.

"வெலயச் சொல்லல. கடைக்காரன்கிட்ட எம்புட்டு கொறச்சான்னு மட்டும் சொல்லுதேன்."

"வேண்டாம்னா கேக்க மாட்டியளே" என்றாள் அத்தை. டிவியில் பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குடத்துலேர்ந்து இன்னொருக்கா போடு" என்றாள்.

போட்டேன். அன்று எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. அம்மா கடைசியில் என் தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள், குழம்பு சரியான இடத்தில் ஊற்றப்பட்டிருந்தது.

இப்போதைய நிலைமை இது. வீடியோ எல்லோர் போனிலும் இருக்கிறது. பூட்டு எதுவும் இல்லை. பழைய பெட்டி டிவிக்குக் கீழே நிற்கிறது. அப்பாவைக் கட்டிடத்து வாட்ச்மேன் வரை மேஜர் சாப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா ஒரு விரலை நெற்றியில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறார். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து எம்.எல். மத்லப் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்கார முடிகிறது.

அத்தைக்குப் புது போன் வாங்கிக்கொடுத்தோம். எவர்சில்வர் குடம் பகுதியை வெட்டி, அதில் ரிங்டோனாக வைத்துக் கொடுத்தேன். அம்பர்நாத் லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பா மொத்தத்துக்கும் டோம்பிவிலி சண்முகத்தை இப்போது தெரியும். நான் போன் செய்தால் அத்தை உடனே எடுப்பதில்லை. மாமா சொல்லி முடித்த பிறகுதான் எடுக்கிறாள்.